மாறாத நீர்மட்டம்

கடைக்குச் சென்றால் பொருளை மறந்து கடையையே பார்த்துவிட்டு வருபவர் அவர். மூட்டை எந்த வாசல் வழியாக வருகிறது, நிறுப்பவரும் காசு வாங்குபவரும் ஏன் தனித்தனியே நிற்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்புவார். "வெங்காயம் வாங்க அனுப்புனேன், ஆராய்ச்சி பண்ண இல்ல," என்பார் கணவர்.

அந்த வேடிக்கைதான் அவருக்குச் சோறு போட்டது. இணையச் சந்தை ஒன்றின் மென்பொருளுக்குக் கட்டமைப்பு வரைவது அவர் வேலை. அங்கே விற்பனையாவது தகவல். ஒருவர் மழையளவை விற்பார். மற்றொருவர் சாலை நெரிசலை விற்பார். வாங்குவோரின் கணினி கேட்கும்போதெல்லாம் சந்தை அதைப் பெற்றுத் தரும். வாயில், பட்டியல், கண்காணிப்பு எனத் தனித்தனி நிரல்களாகப் பிரித்து, இடையே குழாய் பதித்ததுபோல் கோடு இழுப்பார். அலுவலகத்தில் அவருக்குக் குழாய் அக்கா என்றே பெயர்.

கண்காணிப்பு நிரல் அவருடைய செல்லப்பிள்ளை. விற்பவரின் கருவி செத்துப்போய்ப் பழைய எண்ணே திரும்பத் திரும்ப வந்தால், அது மோப்பம் பிடித்துக் காலையில் எச்சரிக்கும். மாலைக்குள் சரியாகாவிட்டால் சந்தையில் அவர் கடையை மூடிவிடும்.

மழையே இல்லாத ஒரு மாதத்தில், எச்சரிக்கை பெற்ற ஒருவர் அக்காவைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். தாழ்வான பாலமொன்றின் அடியில், கீழே நீர் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அளக்கும் கருவி பொருத்தி, ஆற்றின் நீர்மட்டத்தை விற்பவர்.

"சாயங்காலம் என்னைத் தூக்கிடுவீங்களாமே? பள்ளிக்கூட வேன்காரங்க என் எண்ணைப் பாத்துட்டுத்தாம்மா பாலத்துல எறங்குறாங்க."

"உங்க எண் அசையவே இல்லையே. கருவி கெட்டுப்போச்சா?"

"ஆறு காஞ்சு கிடக்கு. தண்ணி இருந்தாத்தானே அசையும்? ஆனா மலையில மழை பேஞ்சா சொல்லாம கொள்ளாம வந்துரும்."

அக்காவுக்கு வருத்தத்தைவிட ஆவலே மேலிட்டது. செத்த கருவியையும் காய்ந்த ஆற்றையும் வெளியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

"அவரை மட்டும் சோதிக்காம விட்டுருங்கக்கா," என்றார் பக்கத்து இருக்கைக்காரர். "நேரத்தோட வீட்டுக்குப் போலாம்."

"அப்புறம் நெசமாவே கருவி செத்தா? வேன் தண்ணிக்குள்ள போனப்புறம் தெரிஞ்சுக்கலாமா?"

அக்கா மீண்டும் பாலத்துக்காரரை அழைத்தார்.

"கடைசியா எப்ப அளந்துச்சுன்னு கருவிக்குத் தெரியுமா?"

"தெரியும். நீங்க எண்ணைத்தானே கேட்டீங்க."

"நேரத்தைப் போடுறது யாரு? அளக்குற கருவியா, அதை வாங்கி எங்களுக்கு அனுப்புற பெட்டியா?"

"கருவிதாம்மா."

அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பெட்டி நேரம் போட்டால், கருவி செத்த பின்னும் பழைய எண் புது நேரத்தோடு வந்துகொண்டிருக்கும். எண்ணோடு அளந்த நேரத்தையும் வாங்கி, எண்ணை விட்டு நேரத்தைப் பார்க்குமாறு நிரலை மாற்றினார். பிறகு, பெட்டியை ஓடவிட்டுக் கருவியை மட்டும் கழற்றுமாறு பாலத்துக்காரரிடம் சொன்னார். சற்று நேரத்தில் எச்சரிக்கை வந்தது; மாட்டியதும் அடங்கியது.

மாலை வந்தது. பாலத்துக்காரரின் கடை மூடப்படவில்லை. நன்றி சொல்ல அவர் அழைத்தபோது அக்கா இடைமறித்தார்.

"இப்ப பாலத்துக்குக் கீழ என்ன இருக்கு?"

"மணலும் ஒரு ஆடும்."

"ஆடு கருவிக்கு நேர் கீழ நின்னா எண் ஏறுமோ?"

"இருங்க," என்றார் பாலத்துக்காரர். "ஓட்டிட்டு வந்து நிறுத்துறேன்."