நான்கு பேருக்கு ஒரு மேசை

என் அக்கா வீட்டுக்காரருக்கு நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில் 'அம்பாசடர்' என்று பட்டப்பெயர். எந்த நாட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அங்கே குடியிருந்துவிட்டு வந்தவர்போல அளப்பார். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. விற்பனை மேலாளர் வேலைக்கு வாய்தான் மூலதனம் என்பதால் பிழைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்பானிஷ் பேசும் ஊர் ஒன்றில் டைல்ஸ் கண்காட்சி. முதலாளி, முதலாளியம்மா, அத்தான், சாம்பிள் பெட்டி தூக்க நான் என்று நால்வர் புறப்படுவதாக முடிவானது. அன்றே அத்தான் செல்போனில் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தார். ஒரே ஒரு பாடம்: ரெஸ்டாரெண்டில் டேபிள் ரிசர்வ் செய்வது.

"வழி கேக்குறது, டாக்டரைக் கூப்பிடுறது எல்லாம் இருக்கே அத்தான்?"

"அதெல்லாம் சாதாரண ஆளுங்களுக்குடா. டேபிள் புக் பண்றவனைத்தான் அங்க மதிப்பாங்க. பாரு, மேசைக்கு 'மேசா'வாம். பாதி நம்ம பாஷைதான்!"

மீதிப் பாதியைக் குளியலறையில் கத்திக் கத்திப் படித்தார். 'உனா மேசா பாரா குவாத்ரோ பெர்சோனாஸ்.' நான்கு பேருக்கு ஒரு மேசை.

அக்கா வெளியே நின்று கதவைத் தட்டினாள். "ஏங்க, கேஸ் தீர்ந்துபோச்சு. அந்த ஊர்ல மேசை போடுறது இருக்கட்டும், சிலிண்டருக்கு ஒரு போன் போடுங்க."

போடவில்லை. அவள்தான் போட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கடையில் எல்லாரையும் கூட்டிவைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்த ஊரின் பெரிய ரெஸ்டாரெண்டுக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை இரவுக்கு மேசை கேட்டார். உச்சரிப்பு பிசிறடிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். எதிர்முனையில் ஒரு பெண் மடமடவென்று ஏதோ சொன்னாள். அத்தான் தலையாட்டினார். அவள் மறுபடியும், இந்தமுறை குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "பெர்ஃபெக்தோ! கிராசியாஸ்!" என்று நன்றியும் சொல்லி வைத்துவிட்டார். கடையே கைதட்டியது. முதலாளி எழுந்து வந்து கைகொடுத்தார்.

திங்கட்கிழமை கோட்டு சூட்டோடு போய் நின்றோம். ஷட்டர் இறங்கியிருந்தது. கதவில் ஒரு பலகை. முதலாளியம்மா அதைச் செல்போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தார்.

"திங்கட்கிழமை விடுமுறைன்னு போட்டிருக்கு. அந்தப் பொண்ணு போன்ல என்ன சொன்னா?"

"இடம் இருக்கு, வாங்கன்னுதான் மேடம் சொன்னா. இந்த ஊர்க்காரங்க வாக்குத் தவறுவாங்க போல."

வாய் கூசவில்லை. முதலாளி நடைபாதையிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். மழை வேறு பிடித்துக்கொண்டதில் இன்னொரு கடை தேட வழியில்லை. ஹோட்டல் அறையில் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தோம். ஊர் திரும்பியதும் அத்தானுக்குச் சீட்டுக் கிழியும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் முதலாளி புறப்படும்போதே சம்பந்தி வீடு தொடங்கி வியாபாரிகள் சங்கம்வரை அந்த ரெஸ்டாரெண்டின் பெயரைத் தம்பட்டம் அடித்திருந்தார். திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்டார்கள். பிஸ்கட் தின்றேன் என்று எந்த முதலாளி சொல்வார்?

"அடடா, என்ன கவனிப்பு! நம்ம மேனேஜர் பேசின ஸ்பானிஷைக் கேட்டுட்டு, நேரா ஜன்னலோர மேசைக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார். அத்தான் அடக்கமாகச் சிரித்தார். முதலாளியம்மா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்காவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "பிஸ்கட்டாவது கிடைச்சுதே" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் ஷோரூமில் அத்தான் ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறார். முதலாளியின் உத்தரவு. அதே ஒரு பாடம்தான். போன வாரம் பில் போடும் பெண் கேட்டாள்: "அவங்க பதிலுக்கு என்ன சொல்வாங்க சார்?"

"அது நமக்கெதுக்கும்மா? நாம தைரியமாப் பேசணும், அவ்வளவுதான்."

அவளும் தலையாட்டி எழுதிக்கொண்டாள். நான் கிடங்குக்குப் போய்விட்டேன்.