நான் பார்த்த டிரம்கள்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பெனி, ரசாயனக் கழிவை அங்கேயே புதைத்துவிட்டு, ஆலையை மூடிவிட்டுப் போய்விட்டது. நிலத்துக்காரர்தான் செலவழித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில், திருவள்ளூர் கோர்ட்டில் அப்பா, “சத்தியமா எங்களுக்குத் தெரியாதுங்க ஐயா” என்றார்.

எனக்குத் தெரியும். ஒருநாள் காலேஜிலிருந்து வரும்போது, அந்த நிலத்தில் கம்பெனி ஆட்கள் குழிக்குள் டிரம்களை இறக்குவதைப் பார்த்திருந்தேன். கோர்ட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன்.

“இன்னாத்துக்கும்மா மறைச்ச?”

“அங்க எனக்கு வேலை தரேன்னு சொல்லிக்கினு இருந்தாங்கப்பா.”

அவர் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, “அடுத்த வாய்தாவுல சொல்லிடு. இன்னா ஆனாலும் ஆவட்டும்” என்றார்.

கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. என் சாட்சி கம்பெனியைச் சிக்கவைக்குமா, எங்களுக்குத் தெரியாது என்று சத்தியம் செய்த அப்பாவையா என்று எங்கள் வக்கீலுக்கே தெரியவில்லை.