சுகம் என்று சொல்லிவிட்ட பிறகு

“காய்ச்சல் இருக்காம்மா?” என்று மருத்துவர் கேட்டார். “இல்லை டாக்டர், சுகமா இருக்கேன்” என்றாள் என் மனைவி ரூபி. அவள் கை என் கைக்குள் இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது.

“இருக்கு டாக்டர். காலையிலேர்ந்து நடுங்குறா” என்றேன். காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல் ரூபி என்னைப் பார்த்தாள்.

அது ஞாயிற்றுக்கிழமை மதியம். சைதாப்பேட்டையில் எங்கள் சபையின் ஆராதனை முடிந்ததும், வீட்டுக்கு என்று சொல்லித்தான் அவளை ஆட்டோவில் ஏற்றினேன். வண்டி நந்தனம் தாண்டிய பிறகுதான் மயிலாப்பூர் மருத்துவமனைக்குப் போகிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது.

சில மாதங்களுக்கு முன் அவள் கழுத்தோரம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. வலி இல்லாததால் நாங்கள் பொருட்படுத்தவில்லை. பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) செய்ததும் லிம்போமா என்றார்கள். நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய் அது. கீமோ (புற்றுச் செல்களை அழிக்க ரத்தக்குழாய் வழியே ஏற்றும் மருந்து) தொடங்கியது.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு கட்டி கைக்கு அகப்படவில்லை. அடுத்த ஞாயிறே ரூபி சபையில் எழுந்து, ஆண்டவர் தனக்குப் பூரண சுகம் தந்துவிட்டதாகச் சாட்சி சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.

எங்களுடையதைப் போன்ற சபைகளில் சாட்சி சொன்ன பிறகு நோயைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வாயால் சொன்னால் நோய்க்கு இடம் கொடுத்ததாகிவிடும் என்பார்கள். மீதி கீமோவை என் நச்சரிப்புக்காகத்தான் ஏற்றிக்கொண்டாள். மருத்துவமனையிலிருந்து நர்ஸ் போன் செய்து வாய்ப்புண் இருக்கிறதா, குளிர் எடுக்கிறதா என்று விசாரித்தால், “கர்த்தர் நல்லா வெச்சிருக்கார் சிஸ்டர்” என்று வைத்துவிடுவாள். தெர்மாமீட்டரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியன். அவள் வியாதியைப் பற்றிக் கைபேசியில் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். ஒருநாள் சண்டையில், “உன் விசுவாசத்துக்கு ரத்த ரிப்போர்ட் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டேன். “உங்க படிப்புக்கு முழங்கால் போடத் தெரியுமா?” என்றாள். இருவருமே பயத்தில் கத்தினோம்.

அந்த ஞாயிறு மதியம் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். நியூட்ரோபீனியா (கீமோவால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்துபோவது) என்றார் மருத்துவர். கிருமி ரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது. “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தீங்கன்னா…” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனதால் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ரத்தத்தில் என்ன நடக்கிறது, அடுத்து எந்த உறுப்பு பழுதாகும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. படித்ததெல்லாம் என் பயத்துக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைக்கத்தான் உதவியது. ஜெபிக்க முயன்றேன். ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடப்போகிறார்கள் என்று எழுந்து நின்றேன்.

எங்கள் சபையின் பாஸ்டர் வந்தார். அவரை உள்ளே விடவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, “சாட்சி சொல்லுங்கன்னு நான்தான் அவசரப்படுத்திட்டேன் பிரதர்” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர்மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

மருந்து வேலை செய்தது. ரூபியை வார்டுக்கு மாற்றிய பிறகு, தண்ணீர் கேட்டாள். இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் பேசினாள்.

“உள்ள கிடந்தப்போ, வலிக்குது ஆண்டவரேன்னு கத்திட்டேங்க. அப்பதான் தோணிச்சு. அவருக்குச் சொல்லாமலே தெரியும். டாக்டருக்குச் சொன்னாத்தானே தெரியும்?”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டா எப்படிச் சொல்றது?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சொன்னால்தான் தெரியும் என்பது, இத்தனை படித்த நானும், இத்தனை ஜெபம் செய்த அவளும் அதுவரை கண்டுகொள்ளாத ஞானம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான். கீமோ நாட்களில் உடம்பு சுட்டால், ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆட்டோவிலும் ஜெபிக்கலாம். உடனிருப்பவர்களே, நோயாளி பேசும்போது கைபேசியைக் கீழே வையுங்கள்.

சிகிச்சை முடிந்துவிட்டது. ரெமிஷன் (நோயின் தடயம் இப்போதைக்குத் தெரியாத நிலை) என்கிறார்கள். அந்த ‘இப்போதைக்கு’ என்ற சொல்லுக்குள்தான் நாங்கள் குடியிருக்கிறோம். எங்களுக்கு இப்போது ஆடி, ஆவணி எதுவும் இல்லை. ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரைதான் காலம். கீமோவால் ரூபியின் பாதங்கள் மரத்துப்போயிருக்கின்றன. தரை சுடுகிறதா, ஈரமா என்று தெரியாமல், குனிந்து பார்த்தே அடியெடுத்து வைக்கிறாள். நானோ அவள் இருமினாலே தெர்மாமீட்டரைத் தேடுகிறேன்.

போன வாரம் சபையில் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள். “இப்போதைக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லியிருக்காங்க. திரும்பி வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. ஆண்டவர் என்கூட இருக்கார். ஆனாலும் பயமாத்தான் இருக்கு” என்றாள். யாரும் கைதட்டவில்லை.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் செல்வி வந்து ரூபியின் கையைப் பிடித்தாள். மார்க்கெட்டில் மீன் விற்பவள். போன வருடம் மார்புக் கட்டி கரைந்துவிட்டதாகச் சாட்சி சொன்னவள்.

“சிஸ்டர், அது கரையல. பெருசாய்க்கினே போவுது. ஜெப எண்ணெயத் தடவிக்கினு கீறேன். சொகமாய்ட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்ட்டேன், இப்ப எப்டி சிஸ்டர் மாத்திச் சொல்றது?”

ரூபி அவளுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள்.

செல்வி தலையாட்டினாள்.

“எனக்கும்தான். காலையில என்கூட ஆஸ்பத்திரிக்கு வா.”