இரண்டு மணியில் வெட்டினால் இறால்

யுத்தம் முடிந்த கையோடு, எங்கள் மீனவர் சங்கத்துக்குப் போன் கம்பெனி இளைஞர் ஒருவர் வந்தார். போனிலேயே வியாபாரம் செய்யலாம் என்று எங்களுக்குப் படிப்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யுத்தத்துக்குள் நாங்கள் அதைத்தானே செய்தோம். வாவியில் வலை இழுத்ததும் தோணியிலிருந்தே ஏறாவூர் வியாபாரிக்கு மிஸ்கோல் கொடுப்பேன். ஒருமுறை மணியடித்ததும் அழைப்பை வெட்டினால் மீன், இரண்டாவது மணியில் வெட்டினால் இறால். காசு செலவில்லை. அவர் ஐஸ் பெட்டியோடு தன்னாமுனைக் கரைக்கு வந்துவிடுவார்.

ஒரு காலை கரையில் ஆமி என் போனைப் பிடுங்கிப் பார்த்தது. தினமும் விடியலில் ஒரே நம்பர், ஒரு சொல்லும் பேசவில்லை.

"யாருக்குச் சிக்னல் குடுக்கிறது?"

இறாலுக்கு என்றேன். அடித்தார்கள். முகாமுக்கு இழுத்துப் போயும் அடித்தார்கள்.

கரைக்கு என்னைத் தேடி வந்த வியாபாரி, நடந்ததைக் கேள்விப்பட்டுப் பேசாமல் திரும்பியிருக்கலாம். விலையைத் தவிர நாங்கள் வேறொன்றும் பேசிப் பழகியவர்கள் அல்ல. அவரோ நேரே முகாமுக்குள் வந்தார்.

"அது என்ட நம்பர்தான் சேர். அவன்ட போன்ல இருந்து அடிச்சுப் பாருங்க."

அடித்தார்கள். அவருடைய சட்டைப்பையில் மணியடித்தது. இரண்டாவது மணியில் அவரே வெட்டினார்.

"இது றால், சேர்."

விட்டார்கள். மன்னிப்பென்று ஒரு சொல் இல்லை. கரையில் என் இறால் வெயிலில் நாறிக் கிடந்தது.

"கேள்வி இருக்கா ஐயா?" என்றார் கம்பெனி இளைஞர்.

எழுந்தேன்.

"ஒண்டுதான் தம்பி. இனி இதுக்கு அடி விழாதுதானே?"

பகிடி என்று நினைத்து அவர் சிரித்தார். எங்கள் ஆட்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அடித்தவர்களின் முகங்கள்கூட எனக்கு மங்கிவிட்டன. அந்தச் சிரிப்பு மங்கவில்லை.