காய்ச்சலுக்கு வாங்கிய திராட்சை

கடையில் வாங்கிய ஸ்ட்ராபெர்ரிப் பழத்தின் விதைகளை மகள் ஊசியால் நெம்பியெடுத்து, தயிர் டப்பாவில் நிரப்பிய மண்ணில் தூவித் தண்ணீர் தெளித்தாள். அந்த ஈரமண் வாசனையில் என் தங்கச்சி செல்வியின் நினைவு வந்துவிட்டது.

அப்போதெல்லாம் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால்தான் எங்கள் வீட்டுக்குப் பழம் வரும். செல்வி காய்ச்சலில் கிடந்தபோது, அப்பா பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து பன்னீர்த் திராட்சை வாங்கி வந்தார். அவள் தின்றுவிட்டு விதைகளை என் உள்ளங்கையில் துப்பினாள்.

"எண்ணே, இத அடுக்களைக்குப் பின்னால நட்டு வை. கொடி வந்துட்டா காய்ச்சல் வராமலே திங்கலாம்லா."

"எல்லாத்தையும் நீயே தின்னுருவ. எனக்கு எங்கன மிஞ்சும்?" என்றேன். சிரித்தாள்.

நட்டு வைத்தேன். அந்த வாரமே அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவப் போன அம்மாதான் முளையைப் பார்த்தாள். செல்வி சொன்னதை அவளிடம் சொன்னேன். அதன்பிறகு அரிசி களைந்த தண்ணீரெல்லாம் அதற்குத்தான். கொடி ஓட்டுக்கூரை வரை ஏறிப் படர்ந்தது. காலையில் எழுந்ததும் அம்மா இலைகளைப் பைய விலக்கிப் பார்ப்பாள். கடைசிவரை அது ஒரு கொத்துகூடக் காய்க்கவில்லை.

"யப்பா, இது முளைக்குமா?" என்றாள் மகள்.

"முளைக்கும்ளா" என்றேன்.

காய்க்குமா என்று அவள் கேட்கவில்லை.