தாண்டியா என்று நாங்கள் ஆடியது

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் மதுரை காளவாசலில் ஒரு டான்ஸ் கிளாசில் சேர்ந்தேன். தெருவுக்குத் தெரு ஏரோபிக்ஸ், சல்சா என்று போர்டு மாட்டிய காலம் அது. சேர்ந்த வாரமே டாக்டரை மறந்துவிட்டேன். பாட்டைப் போட்டால் போதும், கால் தரையில் நிற்காது.

போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், தாண்டியா ஆடுகிறோம் என்று ஒருநாள் மாஸ்டர் அறிவித்தார். என்னைவிட வயதில் சின்னவர். நேராக என்னைக் கைகாட்டினார்.

"அக்கா, நீங்கதான் முன்னாடி. ஒங்க பூர்வீகம் குஜராத்துதானே? தாண்டியா ரத்தத்துலயே இருக்கும்ல."

"அட போங்க தம்பி! வீட்ல சௌராஷ்டிரம் பேசுறோம், அம்புட்டுத்தேன். எத்தனையோ தலைமுறையா இங்கனதான் கெடக்கோம். ரத்தத்துல ஓடுறது வைகைத் தண்ணி."

அவர் நம்பவில்லை. நானும் மேற்கொண்டு வாதாடவில்லை. உயரமாக வளர்ந்த பாவத்துக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த ஆட்டமானாலும் என்னைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். முன் வரிசை தானாக வந்து கதவைத் தட்டினால் விடுவேனா? சொதப்பினால் பின்னால் அனுப்பிவிடுவேன் என்று மட்டும் மாஸ்டர் எச்சரித்தார்.

எனக்கு ஜோடி, கோச்சடையிலிருந்து வரும் ஒரு டீச்சர். முதல் நாளே அவள் விரலைப் பதம் பார்த்தேன். "அக்கா, குச்சியத் தட்டச் சொன்னா என்னையத் தட்டுறீகளே!" என்று அலறினாள். வீட்டில் பூரிக்கட்டையும் மத்துமாக அடுக்களையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கேலி செய்வதென்றால் மட்டும் என் வீட்டுக்காரருக்குத் தமிழ்தான் வரும். "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்றார்.

"அடுக்களை கோணல்னு நான் சொன்னேனா? தள்ளி நில்லுங்க!"

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். பாதிவரை தேர் மாதிரி போனோம். பாட்டில் வேகம் கூடியதும் என் புத்தி நின்றுவிட்டது, உடம்பு பாட்டுக்கு ஆடியது. அடுத்த ஜோடிக்கு நகராமல், குனிந்து கீழே ஒரு தட்டு, நிமிர்ந்து மேலே ஒரு தட்டு, திரும்பி முதுகுப் பக்கம் ஒரு தட்டு. சுத்தமான கோலாட்டம்! தொலைந்தேன் என்று நினைத்தேன். டீச்சர் ஒரு நொடி முழித்தாள், பிறகு அவளும் குனிந்தாள். மதுரையில் படித்த எந்தப் பெண்ணுக்குக் கோலாட்டம் தெரியாது? வரிசையே குனிந்தது. விசில் பறந்தது. ஐயோ, என்ன ஆட்டம் அது! மாஸ்டர் மட்டும் ஓரத்தில் தலையில் கைவைத்து நின்றார்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவராக வந்தவர் குஜராத்திலிருந்து வந்து மதுரையில் குடியேறிய அம்மாள். "நல்லா ஆடுனாங்க. ஆனா இது தாண்டியா இல்லை" என்று மைக்கில் சொல்லிவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கீழே இறங்கி நேரே அவரிடம் போனேன்.

"தாண்டியா இல்லதான். ஆட்டத்துல என்ன கொறை கண்டீங்க?"

"குறையே இல்லம்மா. அந்த முதுகுத் தட்டு எப்படிப் போடுறீங்க? எனக்குச் சொல்லிக்குடுங்க."

சொல்லிக்கொண்டே முந்தானையை இடுப்பில் செருகி, டீச்சரிடம் குச்சிகளை வாங்கிக்கொண்டார். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இருவரும் மேடையேறினோம். கோப்பை வாங்கிய குழுகூடப் படம் எடுப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. மாஸ்டர் ஓடிப்போய்ப் பாட்டைப் போட்டார்.

"இப்பப் பின்னாடி போகச் சொல்லுங்க தம்பி, பாப்போம்!" என்று மேடையிலிருந்து கத்தினேன்.

"டேய், அந்த மைக்கத் தள்ளி வைங்கடா," என்று மாஸ்டர் மைக்செட்டுப் பையன்களை விரட்டினார். "அக்கா இன்னும் முன்னாடி வரட்டும்."