இரண்டாவது சரணம்

ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது, ஆளுக்கொரு பிடித்த பாட்டைப் போனில் போட்டுக் காட்டினார்கள். பாஸ்டரின் மகள் போட்டது, என் சிறுவயதில் எங்கள் எருமப்பட்டிச் சபையில் வீடு வீடாகச் சுற்றிய கேசட்டில் இருந்த பாட்டு.

அந்தக் கேசட் எங்கள் வீட்டுக்கு வந்த வாரம், அம்மா இரண்டாவது சரணத்தை மனப்பாடம் செய்ய நினைத்தாள். டேப்பை நிறுத்துவதாக எண்ணி, பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் பாடிப் பார்த்தாள். சரணம் அழிந்து அவள் குரல் பதிந்துவிட்டது. நடுவில் என்னைக் கூப்பிட்டதும் பதிந்தது: "சாமி, கொழம்பு பொங்குது, எறக்கு!"

அடுத்த வீட்டில் போட்டுக் கேட்டதும் சபை முழுக்கப் பரவிவிட்டது. "ஏனக்கா, கொழம்ப எறக்கியாச்சுங்களா?" என்று கோயில் வாசலிலேயே கேட்டார்கள். அம்மா கூசிப்போனாள்.

"அதெ அழிச்சுப்போடுங்க" என்று அப்பாவிடம் அழுதாள். அவரும் சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பழைய பாட்டையே திரும்பப் பதிவு செய்துகொண்டு வந்தார்.

அம்மா இறந்து பல வருஷமாகிறது. அவள் குரல் வேறெதிலும் இல்லை.

போனில் இரண்டாவது சரணம் வந்தது. குழம்பு பொங்கும் இடத்துக்காகக் காத்திருந்தேன். பாட்டு பிசிறில்லாமல் ஓடி முடிந்தது.

"உங்களுக்குப் புடிச்ச பாட்டு எதுங்க அங்கிள்?" என்றாள் பாஸ்டரின் மகள்.

"இதேதான் கண்ணு."

"இதத்தான் இப்பக் கேட்டமுங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்ன பாட்டைப் போட்டுக்காட்ட வழியில்லாமல், நானும் சிரித்தேன்.